சூப்பர் ஹீரோக் குழுவுக்குத் தலைவரைத் தெரிவு செய்வது எப்படி?

சித்திரக்கதை வரையத் தொடங்கும் இளையவர்கள் தங்கள் சூப்பர் ஹீரோக் குழுவின் உடைகளுக்கும் வல்லமைகளுக்கும் கொப்பிக் கணக்கில் தாள் செலவழித்துவிட்டு, தலைவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே வரியில் விடை எழுதிவிடுகிறார்கள்: எல்லோரிலும் பலம் கூடியவரே தலைவர். கதை மூன்றாவது அத்தியாயத்தோடு படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் காரணம். பாடசாலைச் சஞ்சிகைக்காகவோ, சனசமூக நிலையத்தின் கையெழுத்து இதழுக்காகவோ, கைப்பேசியில் வரைந்து இணையத்தில் வெளியிடுவதற்காகவோ யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தமிழில் குழுக்கதை எழுத முனைபவர், முதற்பக்கத்தை வரைவதற்கு முன்னரே தலைமையைத் தீர்மானிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். அமெரிக்கச் சித்திரக்கதைகள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருப்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. ஆனால் நமது புராண படனத்தில் கேட்ட கதையொன்றும் இதற்குக் கைகொடுக்கும்.

நமக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. தமிழில் சித்திரக்கதை வாசித்து வளர்ந்தவர்கள் தனிநாயகர்களோடு வளர்ந்தவர்கள். 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தனது முதல் இதழாக வெளியிட்டது இரும்புக்கை மாயாவியின் கதையை. வேதாளரும் மாண்ட்ரேக்கும் அப்படித்தான். மாண்ட்ரேக்கின் பக்கத்தில் லொதார் என்ற துணைவன் நின்றாலும் யார் சொல்வதை யார் கேட்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. ஐந்து பேரை ஒரே கட்டத்துக்குள் நிற்கவைத்த கணத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

முதல் வேலையாக, ஒவ்வோர் உறுப்பினருக்கும் நேரே அவரால் எதைச் செய்ய முடியாது என்பதை எழுதுங்கள். வல்லமைகளின் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்; அதை மடித்து வையுங்கள். தலைமை பிறப்பது குறைகளின் பட்டியலிலிருந்துதான், ஏனெனில் தனக்கு இயலாததை இன்னொருவரைக் கொண்டு செய்விக்கத் தெரிந்தவருக்கே கட்டளையிட வேண்டிய தேவை உண்டாகிறது. எல்லாவற்றையும் தானே செய்யக்கூடியவருக்கு மற்றவர்கள் எதற்கு? சூப்பர்மானைத் தலைவராக்கி, ஒவ்வோர் ஆபத்தையும் அவரே முன்சென்று தீர்க்கவிட்டால், மீதிப்பேர் கைதட்டும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். 1960 இல் ஜஸ்டிஸ் லீக் ஒஃப் அமெரிக்கா தோன்றியபோது அதன் ஆசிரியர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்: தலைமைப் பதவி உறுப்பினர்களிடையே சுழன்று வந்தது, சூப்பர்மானும் பட்மானும் தொடக்கக் கதைகளில் பெரும்பாலும் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டனர்.

பலசாலியை விலக்கியவர்கள் அடுத்ததாகப் போய் விழும் குழி, அறிவாளி. யாழ்ப்பாணத்து எழுத்தாளருக்கு இந்தக் குழி இன்னும் ஆழமானது, ஏனெனில் படித்தவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நாம் சிறுவயதிலிருந்தே பழக்கப்பட்டிருக்கிறோம். அறிவாளித் தலைவர் கூடவே கூடாது என்பதல்ல என் வாதம். 1961 இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் படைத்த ஃபன்டாஸ்டிக் ஃபோர் குழுவில் ரீட் ரிச்சர்ட்ஸ் விஞ்ஞானிதான். ஆனால் அவருடைய தலைமை சுவைப்பது அவருடைய அறிவினால் அல்ல. போதிய பாதுகாப்பில்லாத விண்கலத்தில் நண்பர்களை ஏற்றிச் சென்று, அண்டக்கதிர்களால் அவர்கள் உருமாறக் காரணமானவர் அவர். பாறையுடலோடு எதிரே நிற்கும் பென் கிரிமை ஒவ்வொரு நாளும் பார்த்தபடியே கட்டளையிட வேண்டியவர். அந்தக் கடன் இல்லாவிட்டால் அவர் வெறும் விரிவுரையாளராகவே இருந்திருப்பார்.

அறிவாளியின் ஆபத்து, தன் மனத்தில் உள்ளதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது. 2000 ஆம் ஆண்டில் மார்க் வெய்ட் எழுதிய ஜஸ்டிஸ் லீக் கதையொன்றில், தன் தோழர்கள் என்றாவது வழிதவறினால் அவர்களை வீழ்த்துவதற்கென்று பட்மான் இரகசியமாகத் தயாரித்து வைத்திருந்த திட்டங்களை அவருடைய எதிரி ராஸ் அல் கூல் களவெடுத்து, அவற்றைக் கொண்டே குழுவைச் சின்னாபின்னமாக்குகிறான். திட்டங்கள் யாவும் அறிவுபூர்வமானவை. அவை சரியாக வேலையும் செய்தன. அதனாலேயே கதை முடிவில் தோழர்கள் வாக்கெடுப்பு நடத்திப் பட்மானை வெளியேற்றினார்கள். டூம் பட்ரோல் கதையில் இது இன்னும் கொடூரமாக நடந்தது. 1963 முதல் அக்குழுவைச் சேர்த்து நடத்திவந்த சக்கர நாற்காலித் தலைவரே, உறுப்பினர்களை ஊனமாக்கிய விபத்துகளைத் திட்டமிட்டவர் என்று 1992 இல் கிராண்ட் மொரிசன் எழுதினார். உங்கள் கதையில் அறிவாளியைத் தலைவராக்கினால், அவர் மறைத்து வைத்திருப்பது என்ன என்பதையும் அன்றே தீர்மானித்துவிடுங்கள். அதை நீங்கள் தீர்மானிக்காவிட்டாலும் வாசகர் தேடத் தொடங்கிவிடுவார்.

இனி நான் பரிந்துரைக்கும் சோதனைக்கு வருகிறேன். குழு தோற்றுக்கொண்டிருக்கிறது. எதிரியின் கையில் பொதுமக்கள் சிலர் அகப்பட்டிருக்கிறார்கள். இப்போது உள்ளே புகுந்தால் எல்லோரும் மடிவார்கள். அரை மணித்தியாலம் பொறுத்தால் வெல்ல வாய்ப்புண்டு. இந்தக் காட்சியை எழுதிவைத்துக்கொண்டு, பின்வாங்கும்படி யார் சொன்னால் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டாவது கேட்பார்கள் என்று ஒவ்வோர் உறுப்பினரையும் அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். தாக்கச் சொல்லும் கட்டளைக்கு யார் சொன்னாலும் நாயகர்கள் கீழ்ப்படிவார்கள், ஏனெனில் அதைச் செய்ய அவர்கள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய இயல்புக்கே மாறான கட்டளைதான் தலைவரை அடையாளம் காட்டும்.

இச்சோதனையை முழுதாக எழுதிக் காட்டிய கதை, ரோஜர் ஸ்டேர்ன் எழுதி ஜோன் புஷேமா வரைந்து 1986, 1987 காலப்பகுதியில் அவெஞ்சர்ஸ் இதழ்களில் வெளிவந்தது. அப்போது குழுவின் தலைவி வொஸ்ப். பூச்சியளவுக்குச் சிறுத்துப் பறந்து கொட்டுவதே அவருடைய வல்லமை; 1963 இல் முதல் இதழில் தோன்றியபோது அவரை உடையலங்காரத்தில் மனம் போன துடுக்குப் பெண்ணாகவே எழுதினார்கள். 1982 இல் அவர் தலைவியான பின்னர் அவருக்குக் கீழே இருந்தவர்களில் ஒருவன் ஹேர்குலிஸ், கிரேக்கத் தெய்வத்தின் மகன், மலையைத் தூக்கக்கூடியவன், ஒரு பெண்ணின் சொற்படி நடப்பது தனக்கு இழுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவன். எதிரிகள் பெருங்கூட்டமாகத் திரண்டு அவெஞ்சர்ஸ் மாளிகையைக் கைப்பற்றிவிட்ட செய்தி தெரிந்ததும் பொறுத்திருக்குமாறு வொஸ்ப் சொல்கிறார். மது மயக்கத்தில் இருந்த ஹேர்குலிஸ் அதைக் கேளாமல் உள்ளே பாய்கிறான். பலர் சேர்ந்து அவனை அடித்து நினைவிழக்கச் செய்கிறார்கள். வொஸ்ப் வெளியே நின்று, கிடைத்த துணையைத் திரட்டி, பின்னர் மாளிகையை மீட்கிறார்.

ஸ்டேர்ன் கையாண்ட நுட்பத்தைக் கவனியுங்கள். வொஸ்ப் திறமையான தலைவி என்று எந்தப் பாத்திரமும் நமக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அவர் சொல்லைக் கேட்காத மிகப் பெரிய பலசாலிக்கு நேர்ந்த கதியை வரைந்தார்கள்; அவ்வளவே போதுமாக இருந்தது. கீழ்ப்படிதலை மட்டும் காட்டும் கதையில் தலைவர் பொம்மையாகிவிடுவார். ஒரு முறையாவது கட்டளை மீறப்பட்டு, அதற்கான விலை பக்கத்தில் தெரிய வேண்டும்.

இதே சோதனையில் தோற்கும் தலைவரைக் காண விரும்புபவர் கோயிலுக்குப் போய்க் கந்தபுராண படனம் கேட்கலாம். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் அந்த வழக்கம் நமது ஊர்க் கோயில்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. நவவீரர்கள் என்பது ஒன்பது பேர் கொண்ட வீரர் குழுவே. அதன் தலைவர் வீரவாகுதேவர். தாரகனோடு நடக்கும் போரில், தோற்றோடுவதுபோலக் கிரவுஞ்ச மலைக்குள் புகும் தாரகனை விரட்டிக்கொண்டு வீரவாகுவும் வீரர்களும் உள்ளே செல்ல, மலை தன் மாயையால் அவர்களை மயங்கிக் கிடக்கச் செய்கிறது. வீரத்தில் அவருக்குக் குறைவில்லை. ஓடும் எதிரியைத் துரத்தாமல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்பதே குறை. நாரதர் மூலம் செய்தி அறிந்த முருகன் வந்து, வேலால் மலையையும் தாரகனையும் பிளந்த பிறகே அவர்கள் மீள்கிறார்கள். களத்தில் நிற்கும் தலைவர் ஒருவர், அவரை அனுப்பிவிட்டுப் பின்னால் இருப்பவர் இன்னொருவர் என்ற இந்த இரண்டு அடுக்கு அமைப்பு, 1963 இல் வந்த எக்ஸ்-மென் கதையிலும் களத்தில் நிற்கும் சைக்கிளொப்ஸ், பின்னால் இருக்கும் பேராசிரியர் எக்ஸ் என்ற இருவர் வழியாக அமைந்திருக்கிறது. களத்தலைவரைத் தவறவிட்டுக் கதையை வளர்க்க விரும்பினால் இந்த அமைப்பு வசதியானது. ஆனால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறையும் வந்து காப்பாற்றினால் களத்தலைவருக்கு வாசகரிடம் மதிப்பிருக்காது என்பதால், முருகன் வருகை போன்ற ஒன்றை ஒரு கதைத்தொடரில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

மாதிரிக்கு ஒரு குழுவை நம்மூரில் அமைத்துப் பார்ப்போம். நெடுந்தீவைச் சேர்ந்த நாற்பது வயதுக்காரர், பயணிகள் படகைத் தோளில் தூக்கக்கூடியவர். சாவகச்சேரியில் உயர்தர வகுப்பில் படிக்கும் மாணவி, கண்ணிமைக்கும் நேரத்தில் காதங்களைக் கடப்பவள். நல்லூரில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பத்து நிமிடம் முன்கூட்டியே நடப்பதைக் காண்பவர். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் தண்டையல்களின் வழியில் வந்த இருபத்தைந்து வயதுப் பெண், படகு ஓட்டுபவள்; எவ்வளவு தொலைவில் யார் பேசினாலும் அவளுக்குக் கேட்கும் என்பதைத் தவிர வேறு வல்லமை அவளுக்கில்லை. யார் தலைவர்?

நம்மில் பலரும் ஆசிரியரையே காட்டுவோம். வயதில் மூத்தவர், படித்தவர், வரப்போவதை அறிபவர். இதைவிட என்ன வேண்டும்? நான் அவரை ஏற்கமாட்டேன். வரப்போவதைத் தாம் மட்டும் கண்டு கட்டளையிடுபவரிடம் மற்றவர்கள் காரணம் கேட்க முடியாது. காரணம் கேட்க முடியாத இடத்தில் விவாதமில்லை. விவாதமில்லாத குழுவில் பேச்சுக்குமிழ்களை எதைக்கொண்டு நிரப்புவது? அத்துடன் முடிவை அறிந்தவர் கட்டளையிட்டால் வாசகருக்குப் பதைப்பு இராது. அவரை ஆலோசகராக வைத்திருங்கள். கம்பராமாயணத்தில் சீதையைத் தேடித் தென்திசை சென்ற படைக்கு அங்கதன் தலைவன், கடலைத் தாண்டியவன் அனுமன், அனுமனுக்கு அவன் ஆற்றலை எடுத்துச் சொன்னவன் முதியவனான சாம்பவான். மூன்று வேலைகள் மூன்று பேரிடம் இருந்ததால்தான் மகேந்திர மலைக் காட்சி அவ்வளவு சுவைக்கிறது.

இப்போது பின்வாங்கும் சோதனையை இக்குழுவுக்கு வைப்போம். வாடைக் காற்று வீசும் காலம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் புறப்பட்ட படகு இயந்திரம் நின்று அலையில் தத்தளிக்கிறது. கடலுக்கடியில் எதிரி மின்வலை விரித்திருக்கிறான். தண்ணீரில் இறங்குபவர் கருகுவார். மின்வலையின் இணைப்பை ஊர்காவற்றுறைப் பக்கத்தில் கண்டுபிடித்துத் துண்டிக்க மாணவிக்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். நெடுந்தீவுக்காரரின் சொந்தக்காரர்கள் படகில் இருக்கிறார்கள். ஆசிரியர் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, பத்தாவது நிமிடத்திலும் படகு மிதக்கிறது என்கிறார். அதற்குப் பிந்திய இரண்டு நிமிடங்கள் எவர் கண்ணுக்கும் தெரியாதவை. அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பொறுப்பேற்று, கடலில் இறங்க வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் யாரோ அவரே உங்கள் குழுவின் தலைவர். என் தெரிவு அந்தப் படகோட்டிப் பெண். அலையின் போக்கு அவளுக்குத் தெரியும். படகில் இருப்பவர்களின் அழுகை அவளுடைய காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இருந்தும் அவள் பொறுக்கச் சொல்கிறாள். மற்றவர்களின் காதுக்கு எட்டாத துயரத்தைச் சுமந்துகொண்டு கட்டளையிடுபவளைவிடச் சிறந்த தலைவியை என்னால் இக்குழுவுக்குள் காண முடியவில்லை.

இக்காட்சியை நான்கு கட்டங்களில் வரைந்துவிடலாம். முதற்கட்டம் அகலமாக: இறங்குதுறை, சாம்பல் நிறக் கடல், தூரத்தில் பொட்டளவில் படகு. இரண்டாவதில் நெடுந்தீவுக்காரரின் வலக்கால் மட்டும், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. மூன்றாவதில் பெண்ணின் முகத்தை வரையாதீர்கள், நீட்டிய கையும் பேச்சுக்குமிழும் போதும்: "அண்ணை, இறங்காதேங்கோ." நான்காவதில் அதே கால், திரும்பவும் சீமெந்துத் தரையில். தலைவியின் அதிகாரத்தை நான்காவது கட்டத்தின் கால்தான் காட்டுகிறது. முறைத்த முகமும் இறுகிய முட்டியும் காட்டுவதைவிட அது வலுவானது. கட்டளை வரும் குமிழில் மூன்று சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கம் வேண்டுமானால் பிறகு கொடுக்கலாம். கட்டளையோடு சேர்த்து விளக்கத்தையும் கொடுப்பவர் அனுமதி கேட்கிறார் என்றே வாசகருக்குத் தோன்றும்.

முறைசொல்லி அழைப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வயதில் இளையவள் தலைவியானால் அவள் ஆசிரியரைச் "சேர்" என்றும் பலசாலியை "அண்ணை" என்றும்தான் அழைப்பாள். தலைவி ஆகிவிட்டதால் ஒருமையில் அதட்டத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எவரும் அதை நம்பமாட்டார்கள். "சேர், கரையிலேயே நில்லுங்கோ" என்பது மரியாதையும் கட்டளையும் ஒன்றாக வரும் வசனம், அதை அப்படியே விடுங்கள். பலசாலி முதற்கதையில் அவளைப் "பிள்ளை" என்று சற்று இளக்காரமாக அழைக்கட்டும். மூன்றாவது நான்காவது கதையில் அதே மனிதர் மற்றவர்களைப் பார்த்து, "பிள்ளை சொல்லுறா, நில்லுங்கோ" என்று சொல்லும்போது, அழைப்பு மாறாமலே அதன் பொருள் மாறிவிட்டதை வாசகர் தாமாக உணர்வார்.

தலைவரைத் தீர்மானித்த பிறகு, அப்பதவி அவருக்கு எவ்வழியில் வந்தது என்பதையும் தீர்மானியுங்கள். இதில் அதிகம் சிக்கல் இல்லை. ஆனால் தவிர்க்கவும் முடியாது. 1940 இல் ஓல் ஸ்டார் கொமிக்ஸ் இதழில் கூடிய ஜஸ்டிஸ் சொசைட்டி ஒஃப் அமெரிக்கா, சூப்பர் ஹீரோக் குழுக்களுக்கெல்லாம் மூத்தது. அதற்குத் தலைவர் இருந்தார், பின்னர் செயலாளரும் வந்தார். 1942 இல் சேர்ந்த வொண்டர் வுமனுக்குக் கிடைத்த பதவி செயலாளர்தான். அமேசன் இளவரசியை அறிக்கைப் புத்தகத்தோடு உட்காரவைத்த அந்தக் கூட்டங்களைப் பார்க்கும்போது, பொருளாளரும் கணக்காய்வாளரும் மட்டுமே குறைவாக உள்ள நம்மூர் வாசிகசாலை நிர்வாகசபைதான் எனக்கு நினைவுக்கு வரும். அதன் முதல் தலைவர் ஃப்ளாஷ், அடுத்தவர் கிறீன் லான்ரேன், பின்னர் ஹோக்மான். ஒரு நாயகருக்குத் தனிப்பெயரில் இதழ் கிடைத்தால் அவர் குழுவிலிருந்து விலகி மதிப்புறு உறுப்பினராவார் என்ற விதி இருந்ததால், தலைவர்கள் தோற்று விலகவில்லை, புகழ் கூடியே விலகினார்கள். விற்பனைக்காக வகுத்த விதியானாலும் நல்ல விதி.

தேர்தல் வேண்டுமானால் 1958 இல் தோன்றிய லீஜன் ஒஃப் சூப்பர் ஹீரோஸ் குழுவைப் பாருங்கள். முப்பதாம் நூற்றாண்டு இளைஞர்களின் அக்குழு தன் தலைவரை வாக்களித்துத் தெரிவு செய்யும். வாசகர்களும் கடிதம் மூலம் வாக்களித்த காலம் இருந்தது. 1963 இல் வந்த கதையொன்றில் மனங்களை வாசிக்கும் சாட்டர்ன் கேர்ள் தலைவியாகித் தோழர்களைத் தங்கள் வல்லமைகளைப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறாள். அதிகார வெறி என்றே எல்லோருக்கும் படுகிறது. குழுவில் ஒருவர் சாகப்போவதை அறிந்து, அந்தச் சாவைத் தானே ஏற்பதற்காகவே அவள் தலைமையைத் தேடினாள் என்பது பிற்பாடு தெரியவருகிறது. அதை அறிந்துகொண்ட தோழன் லைட்னிங் லாட் முந்திக்கொண்டு உயிரைக் கொடுக்கிறான். தலைமைக்கு ஆசைப்படுபவரை நல்லவராகக் காட்டுவது கடினம். அதைச் செய்து காட்டிய கதைகளில் இதற்கு முன்வரிசையில் இடமுண்டு.

குழு கூடும் இடம் யாருடையது என்பதை மறந்துவிட வேண்டாம். அவெஞ்சர்ஸ் மாளிகை அயன்மானாகிய டோனி ஸ்டார்க்கினுடையது, எக்ஸ்-மென் பள்ளி பேராசிரியருடைய வீடு. வீட்டுக்காரரும் தலைவரும் வெவ்வேறு ஆட்களானால், கட்டளைக்கும் கடனுக்கும் இடையில் உரசல் தானாக வரும்; அது எழுத்தாளருக்கு இலாபம்.

எதிர்ப்பவர் ஒருவர் இல்லாமல் தலைமை நிறம் பெறாது. 1965 இல் அவெஞ்சர்ஸ் குழுவின் மூத்த உறுப்பினர்கள் யாவரும் விலகிச்செல்ல, வெளியூரிலிருந்து திரும்பிய கப்டன் அமெரிக்காவிடம் அவர் தெரிவு செய்யாத மூவர் ஒப்படைக்கப்பட்டனர். ஹோக்ஐ அயன்மானோடு மோதியவன். குவிக்சில்வரும் ஸ்காலெட் விச்சும் எக்ஸ்-மென்னின் எதிரியான மக்னீட்டோவின் கூட்டத்தில் இருந்தவர்கள். தோரும் அயன்மானும் இருந்த இடத்தில் வில்லாளி ஒருவனும் இரட்டையர் இருவரும். ஹோக்ஐ வாயை மூடவே இல்லை. கிழட்டுக் காலத்து மனிதர் என்று கப்டனைச் சீண்டினான், தலைமை தனக்கே உரியது என்றான். ஆயினும் சண்டை மூண்டபோது கப்டன் சொன்ன இடத்தில் நின்றான். கர்ணன் செய்தது இதற்கு நேர் மாறானது: பீஷ்மர் சேனாதிபதியாக இருக்கும்வரை களத்துக்கே வரமாட்டேன் என்று ஒதுங்கி, போரின் முதற் பத்து நாட்களும் கூடாரத்தில் இருந்தான். உங்கள் எதிர்ப்பாளர் ஹோக்ஐயா, கர்ணனா என்பதை முன்பே தீர்மானியுங்கள். வாயால் எதிர்த்துக் கையால் உதவுபவரைக் குழுவில் நெடுங்காலம் வைத்திருக்கலாம். ஒதுங்கி நிற்பவரின் கதை நீளாது; அவர் திரும்பி வரும் நாளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். ஹோக்ஐ 1984 இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தனி அவெஞ்சர்ஸ் குழு ஒன்றுக்குத் தானே தலைவனானான். பத்தொன்பது ஆண்டுகால முணுமுணுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை.

தொடர் நீண்டால் ஒரு கட்டத்தில் தலைவரை மாற்ற வேண்டிவரும். அப்போது பழையவரைக் கொன்றுவிடுவது சோம்பேறித்தனம். எக்ஸ்-மென் கதையில் 1980 இல் சைக்கிளொப்ஸ் விலகியதும் ஸ்டோம் தலைமையேற்றாள். மழையையும் மின்னலையும் ஆண்ட அவள் 1984 இல் தன் வல்லமையை முற்றாக இழந்தாள். 1986 இல் கிறிஸ் கிளாரமொன்ட் எழுதிய இதழில், திரும்பி வந்த சைக்கிளொப்ஸும் அவளும் தலைமைக்காகப் பயிற்சிக்கூடத்தில் மோதுகிறார்கள். அவனிடம் கண்ணிலிருந்து பாயும் கதிர் இருக்கிறது, அவளிடம் ஒன்றுமில்லை, வெல்பவள் அவள். தலைமைக்கும் வல்லமைக்கும் தொடர்பில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெவரும் வரைந்து காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த இதழில் எனக்கு ஒரு குறையும் உண்டு. தோற்ற சைக்கிளொப்ஸை அதன்பின் வேறொரு புதிய குழு இதழுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பதிப்பகத்தின் தேவை அது. உங்களுக்கு அப்படியொரு நிர்ப்பந்தம் இல்லாதபடியால் பழைய தலைவரைக் குறைந்தது இரண்டு இதழ்களுக்காவது அதே குழுவில் வைத்திருங்கள். கைமாற்றத்தை எல்லா உறுப்பினர்களும் பார்த்திருக்க நடத்துங்கள். மூடிய அறைக்குள் நடந்தால் அடுத்த இதழ் முழுவதும் அதை விளக்குவதிலேயே போய்விடும். புதிய தலைவர் இடும் முதற்கட்டளை பழைய தலைவருக்கே உரியதாக இருக்கட்டும், அதுவும் சிறிய கட்டளையாக: காவலுக்கு நிற்பது, காயப்பட்டவரைத் தூக்கிச் செல்வது, படகின் கயிற்றைப் பிடிப்பது. அவர் ஒரு கணம் தாமதித்து, பிறகு கயிற்றைக் கையில் எடுப்பதற்கு இரண்டு கட்டங்களை ஒதுக்குங்கள். அந்த இரண்டு கட்டங்களிலும் பேச்சுக்குமிழ் வேண்டாம்.